கேம்பர் இழுக்கும் டீசல் பிக்கப்புக்கு 100 குதிரைத்திறன் கூட்டலாமா?

கேள்வி இதுதான். கொலராடோவில் இருக்கும் நண்பர் ஒருவர் 2001 டாட்ஜ் ராம் 2500 பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். 5.9 லிட்டர் கம்மின்ஸ், 24 வால்வு, ஆட்டோமேட்டிக் கியர், 2,20,000 மைல் ஓடியது. பின்னால் 10,000 பவுண்டு கேம்பர், அதாவது இழுத்துப் போகும் சக்கர வீடு. டென்வருக்குத் திரும்பும்போது ஐ-70 நெடுஞ்சாலையில், சில்வர்தார்னிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கம் வரைக்குமான மேட்டில் வேகம் 40 மைலுக்கு இறங்கிவிடுகிறது. “டீசலைக் கூட்டிக் கொடுக்க வைக்கும் மின்னணுப் பெட்டி ஒன்று மாட்டினால் 100 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். கூடவே டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் பெரிதாகப் போட்டுவிடவா? எதை முதலில் வாங்குவது?”

முதலில் வாங்க வேண்டியது மீட்டர்கள். ஆனால் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

வண்டி, கேம்பர், தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்து 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 8.2 டன். அந்த மேடு சுமார் 8 மைல் நீளம், 6 சதவீதம் ஏறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். இந்த எடையை 45 மைல் வேகத்தில் அங்கே ஏற்ற, சரிவுக்கு மட்டும் சக்கரத்தில் 130 குதிரைத்திறன் வேண்டும். டயர் உருளும் தடை 26, கேம்பரின் பெரிய முகத்தில் மோதும் காற்று 32. மொத்தம் 188. ஆட்டோமேட்டிக் கியரும் ஆக்சிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று எடுத்தால் இன்ஜின் 235 கொடுக்க வேண்டும். உங்கள் இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபோது கொடுத்ததும் அதே 235தான். 50 மைலில் ஏற 270 வேண்டும், 55க்கு 310, 60க்கு 355. காற்றுத் தடையில் என் ஊகம் கொஞ்சம் கலந்திருக்கிறது, ஐந்து பத்து முன்பின் இருக்கலாம்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். 8 மைலை 45இல் ஏறினால் 10 நிமிடம் 40 வினாடி. 60இல் ஏறினால் 8 நிமிடம். நீங்கள் கேட்கும் 100 குதிரைத்திறனும் அதற்கு மேல் ஒரு இருபதும் சேர்த்து வாங்கித் தருவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும்போது அந்த மூன்று நிமிடம் பெரிதாகத்தான் தெரியும். என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

45க்கே போதுமான இன்ஜின் ஏன் 40க்கு இறங்குகிறது? இங்கேதான் பலர் தவறவிடும் விஷயம் இருக்கிறது. 235 என்பது இன்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றும்போது கிடைக்கும் எண். இந்த இன்ஜினின் முறுக்குவிசை, அதாவது டார்க், 460 பவுண்டு-அடி. அது கீழ்ச்சுற்றிலிருந்தே ஏறக்குறைய தட்டையாக நிற்கும். ஆகவே சக்தி முழுக்கச் சுற்றைப் பொறுத்தது. உங்கள் 47ஆர்இ கியர் பாக்ஸில் விகிதங்கள் 2.45, 1.45, 1.00, 0.69. பின் ஆக்சில் விகிதம் 3.54 என்றும் டயர் சுமார் 31.5 அங்குலம் என்றும் எடுத்தால், மூன்றாம் கியரில் 40 மைலில் இன்ஜின் வெறும் 1,500 சுற்றில் இருக்கும். அங்கே கிடைப்பது 130 சொச்சம் குதிரைத்திறன். இரண்டாம் கியருக்கு இறக்கினால் அதே வேகத்தில் 2,200 சுற்று, 190. ஒரு டாலர் செலவில்லாமல் 60 குதிரைத்திறன். டீசலைக் கீழ்ச்சுற்றிலேயே ஓட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த பழக்கம் மேட்டில் நம்மைக் கவிழ்த்துவிடும். 2,400, 2,500 சுற்றில் பாட விடுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. சுற்று கூடினால் டர்போவும் காற்று தரும், தண்ணீர் பம்பும் வேகமாக ஓடும், சூடு குறையும்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாம் கியரில் 55 மைலில் ஏற ஆசை என்றால், அங்கே சுற்று 2,070. அந்தச் சுற்றில் 310 குதிரைத்திறன் எடுக்க 790 பவுண்டு-அடி டார்க் வேண்டும். கம்பெனி கொடுத்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. இன்ஜின் அதைத் தாங்கலாம். அந்த கியர் பாக்ஸ் தாங்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இன்ஜினுக்கு இருக்கும் நல்ல பெயர் பொய்யில்லை. நம் ஊர்க்காரர்களுக்கும் இது அந்நியமானது அல்ல. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்து டாடா லாரிகளில் ஏற்றிய 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இதே பி வரிசைதான். நடுத்தர எடை லாரிக்கு என்று வடிவமைத்த இன்ஜினை 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வைத்தார்கள். அதனால் 500 குதிரைத்திறன் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. அவர்கள் காலி வண்டியில் ஆறு வினாடி மிதிப்பவர்கள். இழுவை வேறு விளையாட்டு. காலி வண்டியில் முழு மிதி மிதித்தால் சூடு ஏறுவதற்குள் வேகம் வந்துவிடும், காலை எடுத்துவிடுவீர்கள். மேட்டில் எட்டுப் பத்து நிமிடம் காலை எடுக்கவே முடியாது. எரிக்கும் டீசலில் பாதிக்கு மேல் வேலையாக மாறாமல் ரேடியேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் சூடாகத்தான் போகிறது. சக்தியைக் கூட்டினால் அந்தச் சூடும் கூடவே ஏறும். மேலே போகப் போகக் காற்று வேறு மெலிகிறது. சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். டீசல் அதே அளவு, காற்று குறைவு என்றால் கறுப்புப் புகையும் கொதிக்கும் பிஸ்டனும்தான் மிச்சம்.

பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸ், அமெரிக்க அளவில் 1,220 ஃபாரன்ஹீட். அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதால் புகைச் சூடு சிறிது நேரம் அதைத் தாண்டினாலும் பிஸ்டன் பிழைக்கும். இழுவைக்காரர்கள் வைத்திருக்கும் கோடு 1,250 ஃபாரன்ஹீட். அதற்குக் கீழே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். 1,300 தொட்டால் காலை எடுக்க வேண்டும் அல்லது கியரை இறக்க வேண்டும். இதைப் பார்க்கத்தான் மீட்டர். புகைச் சூட்டை அளக்கும் கம்பியை டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டில் துளை போட்டு வையுங்கள். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் 200, 300 டிகிரி குறைத்துக் காட்டும், மனசுக்கு மட்டும் நன்றாக இருக்கும். துளை போடும்போது டிரில் நுனியில் கிரீஸ் தடவிக்கொண்டு மெதுவாகப் போட்டு, காந்தத்தால் தூளை எடுத்துவிட வேண்டும். இரும்புத் தூள் டர்போ சக்கரத்தில் பட்டால் கதை முடிந்தது. கூடவே டர்போ தள்ளும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர், கியர் எண்ணெய்ச் சூட்டு மீட்டர், டீசல் அழுத்த மீட்டர். நான்கும் சேர்ந்தாலும் ஒரு நல்ல பெட்டியின் விலைதான் வரும்.

கடைசியில் சொன்ன டீசல் அழுத்தம் உங்கள் வண்டிக்கு உயிர்நாடி. 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு இன்ஜின்களில் பாஷ் விபி44 என்ற பம்ப் இருக்கிறது. அது குளிர்வதும் வழுக்குவதும் தன் வழியாக ஓடும் டீசலால்தான். அதற்கு டீசலைத் தள்ளிக் கொடுக்கும் சின்ன லிஃப்ட் பம்ப், நம் ஊரில் ஃபீட் பம்ப் என்போம், இன்ஜினின் பக்கத்திலேயே சூட்டிலும் அதிர்விலும் தொங்குகிறது. டேங்க் பின்னால், இது முன்னால். தள்ளுவதற்குச் செய்த மோட்டாரை உறிஞ்ச வைத்தால் எத்தனை நாள் உழைக்கும்? அது தளர்வது வெளியே தெரியாது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், பெரிய பம்ப் மட்டும் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் பி0216 என்ற பிழை எண் வரும். அதற்கு அர்த்தம் ஆயிரம் டாலருக்கு மேல் செலவு. முழு மிதியில் மேடேறும்போது அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் நிற்க வேண்டும். 5க்குப் போனால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். சேஸில் டேங்குக்குப் பக்கத்தில் பொருத்தும் லிஃப்ட் பம்புகளை ஃபாஸ், ஏர்டாக் போன்றவர்கள் விற்கிறார்கள். வடிகட்டியும் தண்ணீர் பிரிப்பானும் சேர்ந்தே வரும். என்னைக் கேட்டால் சக்தி கூட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும் இதை மட்டும் மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம், 2,20,000 மைல் ஓடிய இன்ஜின் இன்னும் அந்த 235ஐக் கொடுக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? முழுப் பளுவில் பூஸ்ட் 18, 20 பிஎஸ்ஐ வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாய்களில் கசிவு இருக்கும். காற்று ஏற்றி சோப்பு நீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். வால்வு இடைவெளி உள்ளிழுப்புக்கு 0.010 அங்குலம், புகைக்கு 0.020. பலர் இதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்று வார்ப்பு எண் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். 1999 முதல் 2001 வரை வந்த சில இன்ஜின்களில் அந்த வார்ப்பு உண்டு. தண்ணீர் ஓடும் சுவர் மெலிதாக இருந்து, வெளிப்பக்கம் விரிசல் விட்டுக் கூலன்ட் கசியும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் சக்தி கூட்டும் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால், நாசிலா பெட்டியா? இழுவைக்கு என் ஓட்டு நாசிலுக்கு, அதிலும் சிறிய நாசிலுக்கு. ஆர்வி275 என்று விற்கிறார்கள், மோட்டார் ஹோம்களில் 275 குதிரைத்திறனுக்கு வந்த அதே நாசில். உங்கள் வண்டியில் சுமார் 40 கூட்டும். காரணம் எளிது. பெட்டி பம்பை ஏமாற்றி டீசல் பீய்ச்சும் நேரத்தை நீட்டுகிறது. துவாரம் பழையபடி சிறிது, ஆகவே கூடுதல் டீசல் பிந்தி வந்து சேர்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது எரிவதால் பாதி வேலையாகாமல் புகைக்குழாயில் போய் எரிகிறது. நாசில் துவாரம் கொஞ்சம் பெரிதானால் அதே டீசல் குறைந்த நேரத்தில் உள்ளே போய்விடும், சூடு அவ்வளவு ஏறாது. மேலே போட்ட கணக்கில் 50 மைலுக்கு 270 வேண்டும் என்று வந்தது நினைவிருக்கிறதா? 235ம் 40ம் 275. இரண்டாம் கியரில் 50 மைலுக்குச் சுற்று 2,700 சொச்சம், சரியாக இன்ஜின் முழுச் சக்தி தரும் இடம். எல்லாம் ஓரிடத்தில் வந்து உட்காருகிறது.

பெட்டி வாங்கினால், டைமிங்கையும், அதாவது டீசல் பீய்ச்சத் தொடங்கும் கணத்தையும் மாற்றக்கூடிய, பல நிலைகள் உள்ள பெட்டியாக வாங்கி, இழுக்கும்போது மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். டைமிங்கை முன்னால் தள்ளினால் புகைச் சூடு குறையும், மைலேஜ் கொஞ்சம் கூடும். ஆனால் சிலிண்டர் அழுத்தம் ஏறி ஹெட் கேஸ்கட்டைத் தேடி வரும். இரண்டையும் ஒன்றாக உச்சத்தில் வைத்து கேம்பர் இழுப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மெக்கானிக்கையும் தெரியும்.

காற்றுப் பக்கம் உங்களுக்கு ஒரு சின்னத் தடை உண்டு. 2001 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பெரும்பாலும் ஹோல்செட் ஹெச்ஒய்35 டர்போதான் இருக்கும். கியரடிக்கும் வண்டிகளில் வந்த ஹெச்எக்ஸ்35ஐ விட அதன் புகை வாய் குறுகல். சீக்கிரம் பூஸ்ட் வரும், ஆனால் மேட்டில் நெடுநேரம் முழு மிதியில் மூச்சு முட்டும். பழைய ஹெச்எக்ஸ்35 ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், புகைச் சூட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். புகைக்குழாயை 4 அங்குலமாக்கலாம். இதற்கு மேல் பெரிய டர்போ இழுவைக்கு வேண்டாம். கீழ்ச்சுற்றில் தூங்கும், ஏற்றத்தில் கியர் மாறும்போதெல்லாம் புகை கக்கும்.

இனி கியர் பாக்ஸ். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் டீசலும் இதே கியர் பாக்ஸ்தான். பெட்டி மாட்டிய மூன்றாம் மாதம், ஒரு மேட்டில் வேகம் கூடாமல் சுற்று மட்டும் 200, 300 ஏறியது. இன்ஜின் நன்றாகத்தானே பாடுகிறது என்று நானும் மிதித்துக்கொண்டே போனேன். இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள், இரண்டையும் நேராக இறுக்கிப் பிடிக்க இருக்கும் லாக்கப் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருந்தது என்று எண்ணெய் கருகிய வாசனை வந்த பிறகுதான் புரிந்தது. பழுது பார்த்த பில், பெட்டியின் விலையைப் போலப் பல மடங்கு.

47ஆர்இயின் லாக்கப் கிளட்ச் கம்பெனி டார்க்குக்கே சரியாக அளந்து வைத்தது. அதோடு இரண்டாம் கியரில் அது லாக் ஆகவே ஆகாது. நான் மேலே இறக்கச் சொன்ன அதே இரண்டாம் கியரில் கன்வர்ட்டர் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடு அங்கிருந்துதான் வருகிறது. அதனால்தான் கியர் எண்ணெய்ச் சூட்டு மீட்டர் கேட்டேன். 200 ஃபாரன்ஹீட் வரை கவலையில்லை. 220க்கு மேல் ஏறிக்கொண்டே போனால் வேகத்தைக் குறையுங்கள், 250 என்றால் ஓரம் கட்டுங்கள். ஓரம் கட்டியதும் பார்க்கில் போடாதீர்கள். இந்த கியர் பாக்ஸில் பார்க்கில் கூலருக்கு எண்ணெய் போகாது. கை பிரேக்கை இழுத்து நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். பெரிய நாசிலும் பெட்டியும் போடுவதானால் மூன்று தட்டு லாக்கப் உள்ள கன்வர்ட்டர், இரண்டாம் கியரிலும் லாக் செய்யும் வால்வ் பாடி (எண்ணெய் அழுத்தத்தால் கியரையும் லாக்கப்பையும் இயக்கும் பாகம்), பெரிய கூலர் மூன்றும் முதலில் வர வேண்டும். இந்தச் செலவைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் சக்தியைப் பற்றிப் பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும். வண்டியும் கேம்பரும் சேர்த்து எவ்வளவு வரலாம் என்பது கையேட்டில் இருக்கும். நீங்கள் எத்தனை குதிரைத்திறன் கூட்டினாலும் அந்த எண்கள் ஒரு பவுண்டுகூடக் கூடாது. ஃபிரேம், ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே. லாரி எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். 10,000 என்று விற்பனைத் தாளில் போட்ட கேம்பர் தண்ணீரும் சாமானும் ஏறியபின் 11,000ஐத் தாண்டி நிற்பது சர்வ சாதாரணம்.

சட்டமும் உண்டு. உங்கள் 2001 வண்டியில் புகைக்கரி வடிகட்டியோ யூரியா டேங்கோ கிடையாது, ஆகவே பிடுங்குவதற்கு அதிகம் இல்லை. ஆனாலும் கம்பெனி வைத்த மாசுக் கட்டுப்பாட்டுப் பாகம் எதையும் கழற்றக் கூடாது. பெட்டிக்கு கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். புதிய வண்டிக்காரர்கள் வடிகட்டியையும் மற்றதையும் பிடுங்கி ‘டெலீட்’ செய்வது சட்டவிரோதம். 2020இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே எடுத்த மதிப்பீட்டில், பத்தாண்டுக்குள் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகள் இப்படி மாற்றப்பட்டிருந்தன. அதன் பிறகு பிடி இறுகியது. 2013 முதல் 2019 வரை ராம் பிக்கப்புகளுக்குக் கொடுத்த இன்ஜின்கள் தொடர்பாக 2023 டிசம்பரில் கம்மின்ஸ் நிறுவனமே 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

ஏறிய மேட்டின் மறுபக்கம் இறக்கம். நீங்கள் பேசாமல் விட்ட விஷயம் இதுதான். மேட்டில் மெதுவாகப் போனால் மானம் போகும், அவ்வளவே. இறக்கத்தில் பிரேக் சூடேறினால் உயிர் போகும். டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லாததால், பெட்ரோல் வண்டி போலக் காலை எடுத்தால் பிடித்து நிறுத்தாது. பேக்பிரேக், ஜேக்கப்ஸ் போன்றவர்கள் செய்யும் எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயை அடைத்து இன்ஜினையே பிரேக்காக்கும். ஆட்டோமேட்டிக்கில் அது வேலை செய்ய இறக்கத்திலும் லாக்கப் பிடித்திருக்க வேண்டும், அதற்கும் அதே வால்வ் பாடிதான் உதவும். என்னிடம் 2,000 டாலர் இருந்து இந்த வண்டியும் இருந்தால் மீட்டர்கள், லிஃப்ட் பம்ப், எக்ஸாஸ்ட் பிரேக் என்றுதான் போவேன். நாசில் அடுத்த வருஷம்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பின் ஆக்சில் மூடியின் போல்ட்டில் சின்னத் தகரச் சீட்டு ஒன்று மாட்டியிருக்கும், துருப்பிடித்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துப் படியுங்கள். அதில் 3.54 என்றிருந்தால் நான் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். 4.10 என்றிருந்தால் எல்லா கியரிலும் 16 சதவீதம் கூடுதல் இழுவை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் 45 மைலில் இரண்டாம் கியரில் சுற்று 2,800ஐத் தாண்டிவிடும், நாசில் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.